கைக்கு வருவது அட்டை. உரிமம் இருப்பது பதிவேட்டில்

வாசகர் கேள்வி – பதில்

விமானி உரிமம் காகிதத்திலிருந்து பாதுகாப்பு அட்டைக்கு மாறியது; இப்போது அட்டையிலிருந்து கைப்பேசிக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. இதுபற்றிச் சென்னையிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளில், பலருக்கும் உதவக்கூடிய சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

என் மகள் அமெரிக்காவில் பயிற்சி முடித்து, கமர்ஷியல் பைலட் தேர்விலும் தேறி ஊர் திரும்பிவிட்டாள். கையில் இருப்பது தேர்வாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு தாள்தான். 120 நாள் செல்லும் என்று அதில் இருக்கிறது. 95 நாள் ஓடிவிட்டது. பிளாஸ்டிக் அட்டை இன்னும் வீடு வந்து சேரவில்லை. என்ன செய்வது?
– வாசகர், குரோம்பேட்டை

பதற்றம் வேண்டாம், ஆனால் 120-வது நாள்வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றே ஆரம்பியுங்கள்.

அந்தத் தாள் தற்காலிகச் சான்றிதழ். தேர்வு முடிந்ததும் தேர்வாளர் அனுப்பும் விண்ணப்பம், அமெரிக்க விமானத்துறை நிர்வாகமான எஃப்ஏஏ-வின் ஓக்லஹோமா சிட்டி அலுவலகத்துக்குப் போகும். அங்கே சரிபார்த்த பிறகுதான் அட்டை அச்சாகி, பதிவிலுள்ள முகவரிக்குச் சாதாரணத் தபாலில் வரும். ஆகவே சிக்கல் இரண்டு இடங்களில் ஒன்றில்தான் இருக்க முடியும்: கோப்பு அங்கே நின்றிருக்கும், அல்லது தபால் வழியில் தொலைந்திருக்கும்.

எது என்று கண்டுபிடிக்க, எஃப்ஏஏ இணையதளத்தில் விமானிகளின் பெயரைத் தேடும் பொதுப்பக்கத்துக்குப் போய் உங்கள் மகளின் பெயரைப் போட்டுப் பாருங்கள். 'கமர்ஷியல்' என்ற நிலையும் புதிய தேதியும் தெரிந்தால் பதிவு முடிந்துவிட்டது, தொலைந்தது தபால்தான். இன்னும் முந்தைய உரிம நிலையான 'பிரைவேட்' என்றே காட்டினால் கோப்பு நின்றிருக்கிறது என்று பொருள். பெயர் பொருந்தாமை, கையெழுத்து விடுபட்டது, பறந்த மணிக்கணக்கில் கூட்டல் பிழை போன்ற காரணங்களால் கோப்பு தேர்வாளருக்கே திரும்பிப் போவதுண்டு. அப்போது மகள் முதலில் எழுத வேண்டியது ஓக்லஹோமாவுக்கு அல்ல, தேர்வு வைத்தவருக்கு. திருத்தி மறுபடி அனுப்ப வேண்டியவர் அவர்தான்.

தபால் தொலைந்திருந்தால் எஃப்ஏஏ-வின் இணையச் சேவையில் கணக்கு தொடங்கி மாற்று அட்டை கேட்கலாம். கட்டணம் 2 டாலர். அட்டை வரும்வரை பயன்படுத்த 60 நாள் செல்லும் தற்காலிக அனுமதியையும் அங்கேயே அச்செடுத்துக்கொள்ளலாம். கேட்பதற்கு முன் பதிவிலுள்ள முகவரியை ஒருமுறை பாருங்கள். மாணவர் விடுதி முகவரியை மாற்றாமலே ஊர் திரும்பியவர்களின் அட்டைதான் பெரும்பாலும் காணாமல் போகிறது. சென்னை முகவரி தரும்போது நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்றுண்டு: 'புதிய எண், பழைய எண்'. இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதி, அதோடு மாடி எண், குடியிருப்பின் பெயர், அடையாளச் சின்னம் எல்லாவற்றையும் சேர்த்தால் வரி நீண்டு கடைசியில் பின்கோடு வெட்டுப்பட்டுவிடும். புதிய எண், தெரு, பகுதி, சென்னை, 6 இலக்கப் பின்கோடு, இந்தியா. இவ்வளவு போதும்.

இங்கே இன்னொரு விதியும் வந்து சேரும். முகவரி மாறினால் 30 நாளுக்குள் எஃப்ஏஏ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவர் அதன் பிறகு அந்த உரிமத்தை வைத்துப் பறக்கக் கூடாது. சென்னை முகவரிக்கு மாற்றி, அமெரிக்காவில் வேறு வசிப்பிட முகவரியும் இல்லாமல் போனால், தபாலையும் அறிவிப்புகளையும் அவருக்காகப் பெற்றுக்கொள்ள அங்கே ஒரு பிரதிநிதியைப் பதிவு செய்வது கட்டாயம். ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்களுக்கு இது 2025 ஜூலை 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரதிநிதி அமெரிக்காவில் நிஜமான வசிப்பிட முகவரி உள்ள, 18 வயது நிறைந்த ஒருவராக இருக்கலாம், ஒரு நிறுவனமாகவும் இருக்கலாம். தபால்பெட்டி எண் மட்டும் செல்லாது. அங்கே அண்ணனோ சித்தப்பாவோ இருந்தால் அவர் சம்மதத்தோடு அவர் பெயரைக் கொடுங்கள். 'சும்மா பெயருக்கு' என்று சொல்லாமல் கொடுத்துவிட்டு, அவர் கடிதத்தைப் பிரிக்காமலே போட்டுவைத்தால் இழப்பு உங்கள் மகளுக்குத்தான்.

இந்திய உரிமத்துக்கு மாற்றும் விண்ணப்பத்தை இந்தத் தற்காலிகத் தாளை வைத்துத் தொடங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அட்டை கைக்கு வந்து, பதிவு சரியாக இருப்பதையும் பார்த்துக்கொண்டு தொடங்கினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேராது.

காகிதத்தில் என்ன குறை? இத்தனை காலம் அதை வைத்துத்தானே பறந்தார்கள்?
– வாசகர், பம்மல்

பறந்தார்கள்தான். 1929 பிப்ரவரி 10 அன்று ஜே.ஆர்.டி. டாடா பெற்ற, 1 என்ற எண் கொண்ட உரிமமும் காகிதம்தான். இன்றைக்கும் சர்வதேச விதி காகிதத்தை விலக்கவில்லை. ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதிகளில் முதலாம் இணைப்பு, உரிமம் முதல்தரக் காகிதத்திலோ பிளாஸ்டிக் அட்டை உள்ளிட்ட பொருத்தமான வேறு பொருளிலோ இருக்கலாம் என்கிறது. ஐரோப்பிய உரிமங்களின் பக்க அளவையே ஏ4 தாளின் எட்டில் ஒரு பங்கு என்று விதி வைத்திருக்கிறார்கள்.

குறை காகிதத்தில் இல்லை. அதை எளிதாக மாற்றிவிடலாம் என்பதில் இருக்கிறது. பழைய புத்தக வடிவ உரிமத்தில் படத்தை ஒட்டி, அதன் விளிம்பில் முத்திரை குத்துவார்கள். ரேட்டிங்குகளையும் (எந்த வகை விமானம், எந்த வகைப் பறப்பு என்ற கூடுதல் தகுதிகள்) புதுப்பித்த தேதிகளையும் கையால் எழுதுவார்கள். படத்தை நீராவியில் உரித்து வேறு படம் ஒட்டலாம், முத்திரையின் மீதிப் பாதியை வரைந்துவிடலாம், 3-ஐ 8 ஆக்கிவிடலாம். லேமினேட் செய்தாலும் பெரிதாகப் பயனில்லை. சென்னைக் காற்றின் ஈரம் ஓரங்கள் வழியாக உள்ளே புகுந்து நாலைந்து ஆண்டில் படலம் பிரியும். 'ஈரத்தில் பிரிந்துவிட்டது' என்று அசல்காரர் சொல்வதும் போலிக்காரர் சொல்வதும் ஒரே வார்த்தைதான். பரிசோதிப்பவர் எதை நம்புவது?

அமெரிக்கா 2003 ஜூலையில் பிளாஸ்டிக் அட்டை வழங்கத் தொடங்கியது. விமானிகள் 2010 மார்ச் 31-க்குள்ளும், பராமரிப்புப் பொறியாளர் முதலான மற்றவர்கள் 2013 மார்ச் 31-க்குள்ளும் மாறிவிட வேண்டும் என்று கெடு வைத்தது. மாணவ விமானிகளின் சான்றிதழ் மட்டும் 2016 ஏப்ரல்வரை காகிதமாகவே நீடித்தது. நம் நாட்டு விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 2025 ஜனவரிக்குள் 62,000 ஸ்மார்ட் கார்டு உரிமங்களை வழங்கியிருந்ததாக அரசு சொல்கிறது. அதில் 2024-இல் மட்டும் அச்சானவை சுமார் 20,000.

அமெரிக்க அட்டையில் படமே இல்லையே! பாதுகாப்பு அட்டை என்று எப்படிச் சொல்கிறார்கள்?
– வாசகி, ஆலந்தூர்

நியாயமான கேள்வி. அதன் பின்புறத்தில் ரைட் சகோதரர்களின் உருவம் இருக்கிறது, உரிமம் வைத்திருப்பவரின் படம் இல்லை. படம் வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொன்னது. 2010-இல் வரைவு விதியும் வந்தது. அது முடிவான விதியாகவில்லை. அதனால்தான் அந்த அட்டையோடு அரசு வழங்கிய படமுள்ள அடையாள ஆவணத்தையும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. நம் பிள்ளைகளுக்கு அது பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டு விமானத்தில் ஏறினால், அட்டை எவ்வளவு அசலாக இருந்தாலும் விதிமீறல்தான்.

பயிற்சிப் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வெவ்வேறு நாட்டு உரிமங்கள் கைக்கு வருகின்றன. அசலா போலியா என்று மேசையிலேயே பார்க்க வழி உண்டா?
– வாசகி, நங்கநல்லூர்

உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றும், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும். கரன்சி பார்க்கும் மலிவான டார்ச்சுகளில் ஊதா வெளிச்சமே கண்ணை நிறைத்துவிடும், ஒளிர்வது தெரியாது. கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்து, வெள்ளைத் தாளை மட்டும் பளிச்சென்று நீலமாக்குவதே நல்ல டார்ச்.

முதலில் கையில் பிடித்துப் பாருங்கள். அட்டையின் அளவு 85.60 க்கு 53.98 மில்லிமீட்டர், தடிமன் 0.76 மில்லிமீட்டர். உங்கள் வங்கி அட்டையின் அளவும் இதுவேதான்; அதை மேலே வைத்துப் பார்த்தாலே மூலை வளைவு பொருந்துகிறதா என்று தெரியும். பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் அட்டையை மேசையில் போட்டால் உலோகம் போல் 'கிணுங்' என்று ஒலிக்கும். பிவிசி என்ற சாதாரணப் பிளாஸ்டிக் அட்டை மந்தமாக விழும். பாலிகார்பனேட்டில் அடுக்குகளைச் சூட்டில் உருக்கி ஒன்றாக்கிவிடுவதால் நகம் விட்டு உரிக்க ஓரமே இருக்காது. எழுத்து மேற்பரப்பில் அச்சாகாமல், லேசரால் உள்ளடுக்கில் கருகவைக்கப்பட்டிருக்கும். பிவிசி அட்டையில் மேலே ஒரு மெல்லிய படலம் இருக்கும். அதன் ஓரம் ஓரிடத்தில் மட்டும் தூக்கியிருந்தால் அங்கே நிதானமாகப் பாருங்கள்.

அடுத்து லென்ஸ். பின்னணியில் கோலம் போல் பின்னிச் செல்லும் மெல்லிய கோடுகளைத்தான் பார்க்க வேண்டும், படத்தை அல்ல. அசலில் அந்தக் கோடு ஒரே நிறத்தில் அறுபடாமல் ஓடும். நகலெடுத்து அச்சிட்டிருந்தால் அதே கோடு நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாக உடைந்து தெரியும். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் படத்தில் புள்ளிகளைப் பார்த்துவிட்டு 'போலி' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆளுக்கு ஆள் மாறும் படமும் பெயரும் அட்டை தயாரான பிறகு தனி எந்திரத்தில் அச்சாவதால், அசலிலும் அங்கே புள்ளி இருக்கலாம். வெறும் கண்ணுக்குக் கோடாகத் தெரிவது லென்ஸில் எழுத்தாக விரிகிறதா என்றும் பாருங்கள். நுண்ணெழுத்து நகலில் மசிந்துபோகும்.

பிறகு சாய்த்துப் பார்ப்பது. ஹாலோகிராமின் உருவமும் நிறமும் கோணத்துக்குக் கோணம் மாற வேண்டும். நகலில் அது அசையாத சாம்பல் திட்டாகவே நிற்கும். கடைசியாக விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச். அட்டையின் உடல் இருண்டு, குறிப்பிட்ட வடிவம் மட்டும் ஒளிர வேண்டும். முழு அட்டையும் வெள்ளைச் சட்டை போல நீலமாகப் பளிச்சிட்டால் சந்தேகப்படுங்கள்.

இதெல்லாம் பார்த்து முடித்தாலும் நீங்கள் பார்த்தது அட்டையை மட்டும்தான். கியூஆர் குறி இருந்தால் அதை ஸ்கேன் செய்வது அடுத்த படி. வழங்கிய நிர்வாகம் தன்னிடம் மட்டுமுள்ள ரகசியத் திறவுகோலால் தகவலுக்கு மின் கையொப்பம் இட்டிருந்தால், ஓர் எழுத்தை மாற்றினாலும் சரிபார்ப்பு தோற்கும். ஆனால் குறியை அப்படியே நகலெடுத்து வேறொரு அட்டையில் ஒட்டினாலும் அது 'சரி' என்றே சொல்லும், ஏனென்றால் தகவல் மாறவில்லை. ஆகவே பச்சை நிறம் வந்ததும் விட்டுவிடாதீர்கள். திரையில் வரும் பெயரையும் எண்ணையும் அட்டையோடு ஒப்பிடுங்கள். படத்தை எதிரே நிற்பவரோடு ஒப்பிடுங்கள்.

அப்படியென்றால் பாதுகாப்பு அட்டை வந்தபின் போலி விமானி என்ற பேச்சுக்கே இடமில்லையா?
– வாசகர், மேடவாக்கம்

இடமுண்டு. இதை நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 2011-இல் இந்தியாவில் வெளிவந்த வழக்குகளை நினைத்துப் பாருங்கள். பெரிய விமானங்களின் கேப்டனாவதற்கான ஏடிபிஎல் உரிமத்துக்குச் சிலர் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்திருந்தார்கள். அவர்கள் கையில் இருந்த உரிமம் டிஜிசிஏ வழங்கிய அசல் உரிமம். எந்த ஹாலோகிராமும் அதைக் காட்டிக்கொடுத்திருக்காது. 2020 ஜூனில் பாகிஸ்தானின் விமானத்துறை அமைச்சர், தம் நாட்டின் 860 விமானிகளில் 262 பேரின் உரிமம் சந்தேகத்துக்குரியது என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பலர் தேர்வுக்கு வேறு ஆளை அனுப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை அந்நாட்டு விமான நிறுவனமான பிஐஏ-வுக்குத் தடை விதித்தது. அது விலக 2024 நவம்பர் ஆயிற்று.

பூட்டு கெட்டியாக இருக்கிறது, சரி. சாவியையே தவறான ஆளிடம் கொடுத்துவிட்டால்? அதனால் வேலைக்கு எடுப்பவர்களும் விமானம் வாடகைக்குக் கொடுப்பவர்களும், உரிமம் வழங்கிய நிர்வாகத்திடமிருந்து சரிபார்ப்புக் கடிதத்தை நேரடியாகப் பெற வேண்டும். விண்ணப்பித்தவர் கையால் கொண்டுவந்து தரும் கடிதம், எவ்வளவு அழகான முத்திரை இருந்தாலும், சரிபார்ப்பு ஆகாது. கடிதத்தில் உள்ள மின்னஞ்சலுக்கும் எழுதாதீர்கள். நிர்வாகத்தின் இணையதளத்தில் முகவரியை நீங்களே தேடி எடுத்து எழுதுங்கள். விமானியின் பறப்புக் குறிப்பேடான லாக்புக்கில் உள்ள மணிகளைப் பயிற்சிப் பள்ளியின் விமானப் பதிவேட்டோடு சில நாள்களுக்காவது ஒப்பிடுங்கள். ஒரே விமானம் ஒரே நேரத்தில் இரண்டு பேர் லாக்புக்கில் பறந்திருந்தால் அங்கேயே விஷயம் வெளிப்படும்.

என் மகனின் பத்தாம் வகுப்புப் பட்டியலில் இனிஷியலோடு பெயர் இருக்கிறது. ஆதாரில் அப்பா பெயர் பின்னால் வருகிறது. பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' இடம் காலி. உரிமத்தில் எந்தப் பெயர் வரும்? வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பப்போகிறோம்.
– வாசகி, வேளச்சேரி

அனுப்புவதற்கு முன்பே கேட்டீர்கள், நல்லது. தமிழ்க் குடும்பங்களுக்கு உரிம விஷயத்தில் வரும் தொல்லைகளில் முதல் இடம் இதற்குத்தான்.

சர்வதேச விதிப்படி உரிமத்தின் நான்காவது விவரம் முழுப்பெயர். அது ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும். அதை அடுத்து பிறந்த தேதி. இனிஷியல் என்றொரு இடம் அங்கே கிடையாது. இப்போது உங்கள் நிலையை எடுத்துக்கொள்வோம். முருகேசன் மகன் கார்த்திக் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் 'எம். கார்த்திக்'. பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் முருகேசன்' முழுவதும் 'கிவன் நேம்' இடத்தில், சர்நேம் காலி. இந்த பாஸ்போர்ட்டை வைத்து அமெரிக்க விசா எடுத்தால், முழுப்பெயரும் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்ற மூன்றெழுத்து விழும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. விசாவில் விழுந்தது கல்லூரிப் படிவத்துக்கும், வெளிநாட்டு மாணவர்களுக்கான பாதுகாப்புச் சரிபார்ப்புக்கும் பரவும். கவனிக்காவிட்டால் விமானி அட்டையிலும் அதே மூன்றெழுத்து ஏறிவிடும். ஊர் திரும்பி டிஜிசிஏ-வில் விண்ணப்பிக்கும்போது மூன்று ஆவணத்தில் மூன்று பெயர். 'ஒரே ஆள்தான்' என்று நிரூபிக்கும் பாரம் பையன் தலையில்.

செய்ய வேண்டிய வரிசை இதுதான். முதலில் பாஸ்போர்ட்டைத் திருத்துங்கள். மறுவழங்கலுக்கு விண்ணப்பித்து, சொந்த விவர மாற்றம் என்று குறித்து, கிவன் நேம் 'கார்த்திக்', சர்நேம் 'முருகேசன்' எனப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தாம்பரம் பாஸ்போர்ட் சேவை மையம் வசதிப்படும்; சாலிகிராமத்திலும் அமைந்தகரையிலும் உண்டு. ஆதாரையும் அதே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவாருங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு 'எச்' கூடுவதும் குறைவதும் நமக்குப் பெரிதாகத் தெரியாது. கணினிக்கு அவர் வேறு ஆள். பட்டியலில் உள்ள இனிஷியலை விரித்துக் காட்ட, தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிடலாம். அண்ணா சாலையில் உள்ள எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை இதைச் செய்கிறது. அரசிதழ் வந்தாலும் பழைய பட்டியல் மாறாது. இரண்டையும் சேர்த்தே எப்போதும் காட்ட வேண்டும். அசல் அரசிதழ்ப் பிரதிகள் நாலைந்து வாங்கி வையுங்கள்.

பாஸ்போர்ட் சரியான பிறகே விசா, கல்லூரிப் படிவம், பயிற்சி அனுமதி, மாணவ விமானிச் சான்றிதழ். எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, அதே வரிசையில். நடுப்பெயர் இல்லாவிட்டால் அந்த இடத்தில் அப்பா பெயரை மறுபடி எழுதாதீர்கள்.

கையெழுத்தையும் மறக்க வேண்டாம். தமிழில் கையெழுத்திடுவதில் தவறே இல்லை. உரிமத்தில் இருக்க வேண்டியது உரியவரின் கையொப்பம், மொழி அல்ல. ஆனால் பாஸ்போர்ட்டில் தமிழ், விண்ணப்பத்தில் ஆங்கிலம் என்று மாற்றிப் போடக் கூடாது. பதிவேற்றும்போது வெள்ளைத் தாளில் கறுப்பு மசியில் போட்டு ஸ்கேனரில் எடுங்கள். கைப்பேசியில் எடுத்தால் விழும் நிழல், அட்டையில் கறையாக அச்சாகும்.

திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்றலாமா?
– வாசகி, அண்ணா நகர்

மாற்றலாம். அமெரிக்க உரிமத்துக்குத் திருமணச் சான்று, நீதிமன்ற ஆணை அல்லது மாற்றத்தை உறுதிப்படுத்தும் வேறு ஆவணம் வேண்டும். இந்திய உரிமம், வெளிநாட்டு உரிமம், பாஸ்போர்ட், மெடிக்கல் எனும் உடல்தகுதிச் சான்று நான்கையும் மாற்ற முடியுமானால் மட்டும் தொடங்குங்கள். பாதியில் நிறுத்துவதைவிடப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே தொடர்வது எவ்வளவோ நல்லது.

வண்டி லைசென்ஸை டிஜிலாக்கரில் காட்டினால் டிராஃபிக் போலீஸ் ஏற்றுக்கொள்கிறார். விமானி உரிமமும் கைப்பேசியில் வந்துவிட்டதாமே? இனி அட்டையே வேண்டாமா?
– வாசகர், மடிப்பாக்கம்

வந்துவிட்டது. 2025 பிப்ரவரி 20 அன்று விமானத்துறை அமைச்சர் ராம்மோகன் நாயுடு டெல்லியில் மின்னணு உரிமத்தைத் தொடங்கிவைத்தார். சீனாவுக்கு அடுத்து இதைக் கொண்டுவந்த இரண்டாவது நாடு இந்தியா என்று அரசு அறிவித்தது. ஐகாவோவின் முதலாம் இணைப்புக்கு வந்த 178-வது திருத்தம் இதற்கு வழி திறந்தது. உரிமம் இருப்பது டிஜிலாக்கரில் அல்ல. டிஜிசிஏ-வின் இ-ஜிசிஏ கைப்பேசிச் செயலியில். அச்சுக்கும் தபாலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்பது விமானிகளுக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் சில பழக்கங்கள் வேண்டும். செயலியில் உள்ளதே உரிமம். அதைப் படமெடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட் உரிமமாகாது. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே செயலியைத் திறந்து உள்நுழைந்து, உரிமம் திரையில் வருகிறதா என்று பாருங்கள். விமானம் நிறுத்தும் ஏப்ரனில் நின்றுகொண்டு ஓடிபி வருமா என்று காத்திருக்கும் நிலை வரக் கூடாது. சிம் கார்டு மாற்றுவதாக இருந்தால், பழைய எண் இருக்கும்போதே பதிவில் புதிய எண்ணை ஏற்றிவிடுங்கள். பரிசோதகரிடம் காட்டும்போது திரையை அந்தச் செயலியோடு பூட்டிவிட்டுக் கொடுங்கள். உங்கள் வாட்ஸ்அப் அவர் பார்வைக்குப் போக வேண்டியதில்லை.

வெளிநாட்டுக்குப் பறப்பவர்களிடம் ஸ்மார்ட் கார்டு இருந்தால் அதையும் கையோடு வைத்திருப்பதே நல்லது என்று நாங்கள் நினைக்கிறோம். அட்டைக்கு மின்னூட்டம் வேண்டாம். அதைப் பார்த்துப் பழகிய பரிசோதகர்களே எங்கும் அதிகம்.

அட்டையில் 10 ஆண்டு செல்லும் என்று இருக்கிறது. அதுவரை பறக்கத் தடை இல்லைதானே?
– வாசகர், திருவான்மியூர்

தடை உண்டு. 2023 அக்டோபரில் வந்த விதித் திருத்தம் கமர்ஷியல், ஏடிபிஎல் உரிமங்களின் காலத்தை 5-லிருந்து 10 ஆண்டாக்கியது. நீண்டது உரிமத்தின் காலம் மட்டும். முதல் வகுப்பு மெடிக்கல் ஓராண்டுதான், வயதையும் பணியையும் பொறுத்து ஆறு மாதமாகவும் குறையும். ஆங்கிலத் தேர்ச்சி நான்காம் நிலை என்றால் மூன்று ஆண்டு, ஐந்தாம் நிலைக்கு ஆறு ஆண்டு, ஆறாம் நிலைக்கு மறுதேர்வு இல்லை. கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங்குக்கும் விமான வகைக்குமான சோதனைப் பறப்புகளுக்குத் தனித் தேதிகள். இதில் எது முந்தி முடிகிறதோ, அதோடு அந்தப் பறப்பு நிற்கும். அட்டையில் உள்ள பெரிய தேதி கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் மற்றவை மறந்துபோகின்றன. எல்லாத் தேதிகளையும் லாக்புக்கின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

அட்டை வளைந்துவிட்டது, படமும் வெளுக்கிறது. ஏன்?
– வாசகர், பல்லாவரம்

காரில் வைத்திருப்பீர்கள். மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டும். பிவிசி 80-ஐ நெருங்கும்போது இளகத் தொடங்கிவிடும். வளைந்ததை இஸ்திரிப் பெட்டியால் நிமிர்த்தப் பார்க்க வேண்டாம், சிப் பெயர்ந்துவிடும்.

படம் வெளுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உறை. பளபளப்பான மெத்தென்ற வினைல் உறையிலுள்ள மென்மையாக்கும் எண்ணெய், அட்டையின் சாயத்தை இழுத்துக்கொள்ளும். உறையின் உட்புறத்தில் உங்கள் முகம் மங்கலாகப் பதிந்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. கொஞ்சம் விறைப்பான பாலிபுரொப்பிலீன் உறைக்கு மாற்றுங்கள். கழுத்துப் பட்டையில் மாட்டுவதற்காக அட்டையில் ஓட்டை போடாதீர்கள், மேலே லேமினேட்டும் செய்யாதீர்கள். சிப்பின் தங்கநிறத் தகடு வியர்வையில் கறுத்திருந்தால், பருத்தித் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு அந்தத் தகட்டை மட்டும் துடையுங்கள். ரப்பரால் தேய்த்தால் பூச்சு போய்விடும். காந்தம் பட்டால் சிப் அழிந்துவிடும் என்ற பயம் மட்டும் வேண்டாம். அந்த ஆபத்து பழைய காந்தப் பட்டை அட்டைகளுக்குத்தான்.

அட்டை தொலைந்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டுமா?
– வாசகர், தாம்பரம்

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையைப் பதிவு செய்து அச்செடுக்கலாம். அட்டை எண், தொலைந்த நாள், இடம் மூன்றையும் துல்லியமாக எழுதுங்கள். 'எங்கோ தொலைந்தது' என்று எழுதினால் மறுபடி கேட்பார்கள். திருடு போயிருந்தால் இந்த வழி போதாது, நிலையத்தில் புகார் கொடுத்தே ஆக வேண்டும். அறிக்கையின் பிரதியோடு இ-ஜிசிஏ-வில் மாற்று உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். பழைய அட்டை பிறகு கிடைத்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளாமல், பழையதை ஒப்படைத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அட்டையின் இருபுறத்தையும் இன்றைக்கே நகலெடுத்து வீட்டில் வைத்திருந்தால், எண் நினைவில்லை என்று தவிக்க வேண்டியிருக்காது.